கிராம சபைக்கு ஊரைத் திரட்டுவது எப்படி? கேள்வி பதில்

அண்ணா, எங்கள் ஊராட்சியில் 4,000 பேர். ஆட்டோவில் மைக் கட்டியும் வாட்ஸ்அப்பில் போட்டும் கிராம சபைக்கு நாற்பது பேர்தான் வருகிறார்கள். என்ன செய்யலாம்?

3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வர வேண்டியவர்கள், 200 பேர், தம்பி. (501 முதல் 3,000 வரை என்றால் 100.) இத்தனை பேரை மைக் கூட்டிவராது. தெரிந்த முகம் வாசலில் வந்து கூப்பிட வேண்டும்.

தெருவுக்கு ஒருவர், இருவர் என இருபது பேரைப் பிடியுங்கள். ஆளுக்குப் பதினைந்து வீடு, அதுவும் அவரவர் தெருவிலேயே. பத்து நாள் முன்னதாக முதல் நடை. அன்றைக்குக் கூட்டத்துக்கே கூப்பிட வேண்டாம், "உங்க பக்கம் என்ன குறை?" என்று கேட்டு, வீட்டுவாரியாக நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, இரண்டாம் நடை: "நீங்க சொன்ன வாய்க்கால் அடைப்பைப் பத்தி நாளைக்குச் சபையில பேசுறோம், நீங்க இருந்தாத்தான் பேச்சு எடுபடும்."

பலரும் முதல் நடையை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் போகிறார்கள். காரியம் கெடுவது அங்கேதான். தன் குறை பேசப்படாத கூட்டத்துக்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? வாட்ஸ்அப் நேரத்தையும் இடத்தையும் நினைவூட்ட மட்டும் போதும்.

கட்சிக்காரர்களையும் வீடுவீடாக அழைத்துப் போகலாமா?

ஊர்க்காரராக வரட்டும். கரைவேட்டியும் துண்டும் வேண்டாம். பாதி வீட்டுக் கதவு திறக்காது.

காலனிப் பக்கத்திலிருந்து யாரும் வருவதில்லை, சார்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்று முதலில் பாருங்கள். ஊர்க் கோயில் வாசலில் நடந்தால் அவர்கள் ஏன் வர வேண்டும்? வழிபாட்டு இடத்தில் நடத்தக் கூடாது, குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்பதுதான் அரசின் அறிவுரை. அடுத்த சபை காலனியிலேயே நடக்க வேண்டும் என்று ஊராட்சித் தலைவருக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். அந்தத் தெருவில் அழைக்கப் போகிறவரும் அந்தத் தெருக்காரராகவே இருக்கட்டும்.

பெண்கள் வருகிறார்கள், ஆனால் வாயே திறப்பதில்லை.

ஒரு வாரம் முன்பு மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் போய் உட்காருங்கள், தங்கச்சி. யார் எதைப் பேசுவது என்று அங்கேயே முடிவாகட்டும். ஒரு குறைக்கு இரண்டு பேர்: ஒருவர் சொல்ல, மற்றவர் ஆமோதிக்க. "லைட் எரியலை" என்று பொதுவாகச் சொன்னால் காற்றோடு போகும். "பள்ளிக்கூடத் தெருவில் நாலாவது கம்பம் ஒரு மாதமாக எரியவில்லை" என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. இரண்டு படி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

பேசியது தீர்மானத்தில் ஏறுவதே இல்லையே?

வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவதால்தான். வருகைக்குப் போட்ட கையெழுத்துக்கு மேல் எதை வேண்டுமானாலும் பிறகு எழுதலாம். தீர்மானத்தை எழுதி, சபையில் வாசித்து முடிக்கும் வரை ஐம்பது பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுங்கள்.

ஒரு வாரத்துக்குள் அதே இருபது பேரும் அதே வீடுகளுக்குப் போய், எது தீர்மானமானது, எது ஆகவில்லை என்று சொல்ல வேண்டும். ஆகாததையும் மறைக்காதீர்கள். ஆகஸ்ட் 15 சபைக்கும் அக்டோபர் 2 சபைக்கும் இடையே ஏழு வாரம்தான். இந்த நடை தவறினால் அடுத்த முறை அதே வாசலில் நிற்க முகம் இருக்காது.