கார்கோவா, கார்கிவா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறுவயதில் சோவியத் புத்தகங்களில் உக்ரைன் நகரங்களின் பெயர்களைக் கார்கோவ், லிவோவ் என்று படித்தவன் நான். இப்போது செய்திகளில் கார்கிவ், லிவிவ் என்கிறார்கள். போர் வந்ததால் 'ஒ'வை எடுத்துவிட்டு 'இ' வைத்துக்கொண்டார்களா?

க.

அன்புள்ள க.,

இல்லை. நீங்கள் படித்தது ரஷ்யப் பெயர். இப்போது கேட்பது உக்ரைனியப் பெயர். அந்த 'இ'க்குப் பல நூற்றாண்டு வயது. நம் செவிக்குத்தான் அது புதிது.

உக்ரைனியர் 'ஒ'வைத் தூக்கி எறியவும் இல்லை. 'லிவிவில்' என்பதை அவர்கள் 'உ லிவோவி' என்பார்கள். 'கார்கிவில்' என்பது 'உ கார்கொவி'. மேசை 'ஸ்தில்', மேசையின் 'ஸ்தொலா'. குதிரை 'கின்', குதிரையின் 'கொன்யா'. மெய் வந்து அசையை மூடினால் இ, அதன்பின் உயிர் வந்து அசை திறந்தால் ஒ.

இதன் காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ரஷ்யம், உக்ரைனியம் இரண்டுக்கும் மூலமான பழைய ஸ்லாவிய மொழியில் சொற்கள் உயிரில்தான் முடிந்தன. கடைசியில், நம் குற்றியலுகரம் போல மிகக் குறுகிய ஓர் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். 11, 12ஆம் நூற்றாண்டுகளில் அது உதிர்ந்தது. தனித்துப்போன மெய் முந்தைய அசையோடு சேர்ந்துகொள்ள, அங்கிருந்த ஒ, எ இரண்டும் நீண்டு, மெல்ல மெல்ல 'இ' ஆயின. வடக்கு வட்டார வழக்குகளில் 'உஒ' என்ற இடைநிலை ஒலியை இன்றும் கேட்கலாம். தூக்கத்துக்கான 'சொன்' மட்டும் ஏன் 'சின்' ஆகவில்லை என்று கேட்பீர்கள். அதிலுள்ள ஒ, அந்தக் குறுகிய உயிரே வலுப்பெற்று வந்தது. அதனால்தான் 'தூக்கத்தின்' என்னும்போது 'ஸ்னு' என்று காணாமலே போகிறது.

முன்னால் நிற்கும் மெய்யும் உயிரை மாற்றும். ஆறு என்ற எண் 'ஷிஸ்த்', ஆறின் 'ஷெஸ்தி', ஆறாவது 'ஷோஸ்தி'. ஷ-வுக்குப் பின் வந்த பழைய எ, அடுத்த மெய் வல்லொலியாக, அதாவது 'ய' சாயல் இல்லாமல், இருந்தால் ஒ ஆகிவிடும்.

அப்புறம் 'நிஸ்'. மூக்குக்கும் 'நிஸ்', 'சுமந்தான்' என்பதற்கும் 'நிஸ்'. முதலாவதன் இ 'ஒ'விலிருந்து வந்தது, இரண்டாவதன் இ 'எ'யிலிருந்து. உயிர்கள் ஒன்றாகிவிட்டன, ஆனால் பழைய உச்சரிப்பில் மூக்கின் ந சாதாரணமாகவும், சுமந்தவனின் ந ஞ-வை நெருங்கியும் ஒலித்தது. உயிர் மறந்ததை மெய் நினைவில் வைத்திருந்தது! 1886இல் வெளிவந்த ஜெலெகிவ்ஸ்கியின் உக்ரைனிய அகராதி, இரண்டாவதன் இ-க்கு மேல் இரு புள்ளி வைத்து இவற்றைப் பிரித்தே எழுதியது. இன்றைய எழுத்தில் அந்த வேறுபாடு இல்லை.

நீங்கள் லிவிவ் என்றே எழுதுங்கள். அங்கே போய் 'லிவிவில் இருக்கிறேன்' என்று அவர்கள் மொழியில் சொல்லும்போது, நீங்கள் சிறுவயதில் படித்த அந்த 'ஓ' தானாகவே வந்துவிடும்.