பெரியவளும் சின்னவளும் இருந்த வருடம்: கேள்வி பதில்

நாங்கள் ஒஹையோவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். 2016 முதல் வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு கல்வியாண்டு வீட்டில் வைத்திருந்து அனுப்பி வருகிறோம். இதுவரை ஏழு பேர். 2024 ஆகஸ்டில் மகன் கல்லூரி விடுதிக்குப் போனான். அதே மாதம் ஜெர்மனியிலிருந்து ஒரு பெண், இந்தோனேசியாவிலிருந்து ஒரு பெண் என இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். செப்டம்பரில் ஊரில் அப்பா தவறிவிட்டார். இதெல்லாம் தெரிந்த பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரேயடியாக உட்கார்ந்து பதில் எழுதிவிடுகிறேன். பெண்களின் பெயர் வேண்டாம். மாமியார் வைத்த பெயரே போதும்: ஜெர்மன்காரி பெரியவள், இந்தோனேசியப் பெண் சின்னவள்.

அக்கா, டல்லாஸிலிருந்து எழுதுகிறேன். மாணவரை வைத்துக்கொண்டால் மாதம் எவ்வளவு தருவார்கள்? என்ன செலவு ஆகும்?

ஒன்றும் தரமாட்டார்கள் தங்கச்சி. ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவில் பள்ளிக்கு வரும் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பதே விதி. சாப்பாடு, படுக்கை, படிக்க ஓர் இடம், போக வர வண்டி, இவை நம் பொறுப்பு. மருத்துவக் காப்பீடும் கைச்செலவுக் காசும் பிள்ளையோடு வரும். வரிக் கணக்கில் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டுகிறவராக இருந்தால் மாதத்துக்கு 50 டாலர் வரை கழிக்கலாம். அந்த 50 டாலர் ஒரு பதினாறு வயதுப் பையன் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியலுக்குக் காணாது.

படுக்கை என்றால் கட்டில். காற்றடிக்கும் மெத்தையையும் விரித்தால் படுக்கையாகும் சோபாவையும் ஏற்கமாட்டார்கள். நேரில் வந்து பேசுவார்கள், வீட்டைப் படம் எடுப்பார்கள், உறவினர் அல்லாத இரண்டு பேரிடம் நம்மைப் பற்றி விசாரிப்பார்கள். வீட்டில் இருக்கும் 18 வயது தாண்டிய எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. எழுபத்திரண்டு வயதில் தன்மேல் வழக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் "ஒன்றும் இல்லையாம்" என்று சர்க்கரைப் பொங்கல் செய்தார்.

ஒரே மகன் கல்லூரிக்குப் போய்விட்டான். வீடு வெறிச்சென்று இருக்கிறது. அவன் அறை சும்மாதானே கிடக்கிறது, ஒரு பிள்ளையைக் கூட்டி வரலாம் என்று நினைக்கிறேன். நீங்களும் அப்படித்தானே செய்தீர்கள்? (சியாட்டிலிலிருந்து ஒரு சகோதரி)

செய்தேன். தப்பாகவும் செய்தேன். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நாங்கள் முதலில் சம்மதித்தது பெரியவளுக்கு மட்டும்தான். ஜூலையில் பிள்ளைகளை அனுப்பும் அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டு, இன்னொரு பெண்ணுக்கு வீடு அமையவில்லை, எடுத்துக்கொள்வீர்களா என்றார். ஒரே வீட்டில் இரண்டு பரிமாற்ற மாணவர்கள் என்றால் இரு பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். எல்லோரும் சம்மதித்தார்கள். கேட்காமல் விட்டது என் மகனை மட்டும்தான். அவன் கிளம்பி நாலாவது நாளே அவன் அறைச் சுவரில் இருந்த கூடைப்பந்துப் படங்களைச் சுருட்டிப் பெட்டியில் போட்டு, சின்னவளுக்காகக் கட்டிலை நகர்த்திவிட்டேன். அழாமல் இருக்க எனக்கு அந்த வேலை தேவைப்பட்டது.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்தவன், தன் அறை வாசலில் நின்று கதவைத் தட்டினான். தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். கீழே சோபாவில் நாலு ராத்திரி படுத்துவிட்டுப் போனான். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கஷ்டம்.

இன்னொரு தப்பும் இருக்கிறது. சின்னவள் தட்டில் அவனுக்குப் பிடித்ததையே வைத்துக்கொண்டிருந்தேன். அவனைக் கேட்பது போலவே அவளையும் கேட்பேன்: வீட்டுப்பாடம் முடிந்ததா, யாரோடு பேசினாய். மூன்றாவது வாரம் அவளே சொன்னாள்: "அம்மா, எனக்கு உருளைக்கிழங்கு அவ்வளவாகப் பிடிக்காது." காலியான இடத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைத்தால், அந்தப் பிள்ளை முழு வருடமும் அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிய வேண்டியதுதான். வரும் பிள்ளையைப் பார்க்க ஆசை இருந்தால் கூட்டி வாருங்கள். போன பிள்ளையை மறக்க என்றால் வேண்டாம். ஒரு வருடம் பொறுத்துச் செய்யுங்கள். மகனிடம் முதலில் கேளுங்கள்.

அப்பா இறந்த செய்தி வந்தபோது அந்தப் பிள்ளைகளை என்ன செய்தீர்கள்? திருப்பி அனுப்பியிருக்கலாமே?

செய்தி வந்தது இங்கே ராத்திரி பதினொன்றரைக்கு. தம்பி சொன்ன முதல் வாக்கியமே, "நீ வரும்வரை வைத்திருக்க முடியாது அக்கா" என்பதுதான். எப்படிப் பறந்தாலும் தஞ்சாவூர் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகும். பால் தெளிப்பு முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அங்கேயே இருந்தேன். அஸ்தியை மட்டும் எனக்காக வைத்திருந்தார்கள். திருவையாற்றில் புஷ்ய மண்டபத் துறையில் இறங்கிக் கரைத்தோம். காவிரியில் தண்ணீர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அது பிடித்திருக்கும்.

சரி, பிள்ளைகள் விஷயம். விமானச் சீட்டு போட்ட கையோடு ஒருங்கிணைப்பாளருக்குத் தகவல் சொன்னேன். மறைத்தால் பின்னால் பெரிய சிக்கல் வரும், மறைக்கவும் எதுவும் இல்லை. விருப்பம் என்றால் இரண்டு வாரத்துக்கு வேறு குடும்பத்தில் வைக்கலாம் என்றார். கணவர் வீட்டில் இருந்தார், மாமியாரும் இருந்தார். முடிவைப் பெண்களிடமே விட்டோம், இருவரும் இங்கேயே இருக்கிறோம் என்றார்கள்.

ராத்திரியே அவர்களை எழுப்பிச் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டாம், குழந்தைகள் பயந்துவிடும் என்றார் கணவர். பதினாறு வயதுப் பெண்ணுக்கு வீட்டில் ஏதோ நடக்கிறது என்று தெரியாமலா போகும்? காரணம் தெரியாவிட்டால் தன்னால்தான் இவர்கள் இப்படி இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். முந்தைய ஒரு வருடம் சின்னம்மா இறந்ததை ஒரு பையனிடம் மறைத்துப் பட்ட பாடு அது. நான் கோபமாக இருப்பதாக எண்ணி இரண்டு வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் இல்லாத பத்தொன்பது நாளும் வீட்டை ஓட்டியது மாமியாரும் அந்த இருவரும்தான். மாமியாருக்கு ஆங்கிலம் வராது. கையைக் காட்டியே வெங்காயம் நறுக்க வைத்திருக்கிறார். திரும்பி வந்தபோது பெரியவள் "போதும்", "இன்னும் கொஞ்சம்" இரண்டையும் சுத்தமாகச் சொன்னாள்.

தீட்டு வீட்டில் வேற்று மதப் பெண்கள் புழங்கியது சரியா? பண்டிகை கொண்டாடினீர்களா? (கோவையிலிருந்து ஒரு ஐயா)

கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மூன்று நாள்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம் ஐயா. பிள்ளைகள் புழங்கியதை மாமியாரே தப்பாக எடுக்கவில்லை, நான் என்ன சொல்வது. பண்டிகை செய்யலாம் என்றுகூட அவர் சொன்னார். எனக்குத்தான் மனம் வரவில்லை. கொலு வைக்கவில்லை.

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன, அக்டோபர் 31. வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை, விளக்கு வரிசை இல்லை. ஆனால் சாயங்காலம் பேய் வேடத்தில் தெருப் பிள்ளைகள் வந்து மணியடிப்பார்களே, அவர்களுக்கு என்ன சொல்வது? பெண்கள் இருவரும் வாசல்படியில் உட்கார்ந்து மிட்டாய் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுத் தீபாவளி அவ்வளவுதான்.

நாங்கள் சுத்த சைவம். ஜெர்மன் பிள்ளை சாப்பிடுமா? முஸ்லிம் பிள்ளைக்கு ஹலால் வேண்டுமே?

முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதைப் படித்துச் சம்மதித்த பிள்ளைதான் வரும். சைவச் சமையலில் ஹலால் தொல்லை பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடுகிறது. ஜெலட்டின் சேர்த்த மிட்டாயையும் சாராயம் சேர்த்த எசன்ஸையும் மட்டும் பார்த்து வாங்க வேண்டும். வெளியில் பள்ளியில் அவர்கள் விரும்பியதைச் சாப்பிடட்டும், அதில் தலையிடாதீர்கள்.

சின்னவளால் எங்கள் வீட்டுக்குத் தெம்பே வந்தது. ஜாவாவில் சோயாவைப் புளிக்க வைத்துக் கட்டியாக்குவது. மிளகாய்ப்பொடி போட்டு வறுத்தால் வாழைக்காய் வறுவல் தோற்றது! அவள் மொழியில் கப்பலுக்கு 'கபால்', கடைக்கு 'கெடாய்', போட்ட முதலுக்கு 'மோடால்'. நம் ஆட்கள் வியாபாரத்துக்குப் போன இடம், சொல்லை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மாமியாருக்கு இதைச் சொன்னதிலிருந்து அவள் தூரத்துச் சொந்தமாகிவிட்டாள்.

2025 ரமலான் மார்ச் தொடக்கத்தில் வந்தது. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு முதல் வாரம் நான் எழுந்தேன், பிறகு மாமியார் எழுந்தார். மார்ச் 9 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்களா, சஹர் நேரமும் தள்ளிப்போய் எல்லோருக்கும் கொஞ்சம் தூக்கம் கிடைத்தது. கறி சேர்க்காமல் நோன்புக் கஞ்சி வைத்தேன். ஊரில் பள்ளிவாசல் தெருவிலிருந்து தூக்குவாளியில் வரும் கஞ்சி ருசி வரவில்லை, ஆனாலும் குடித்தாள்.

மாணவியின் ஊரில் ஒரு துக்கம் நடந்தால் அனுப்பி வைக்கலாமா? விசா போய்விடுமா? (நியூ ஜெர்ஸி)

பிப்ரவரியில் பெரியவளின் பாட்டி இறந்தார், அதனால் இது தெரியும். போவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையின் பெற்றோரும் அமைப்பும் பேசி முடிவு செய்வார்கள். நாம் சீட்டு போட்டுவிடக் கூடாது. போய்த் திரும்ப, ஜே-1 விசாவுக்கு அமைப்பு கொடுக்கும் டிஎஸ்-2019 படிவத்தில் அமைப்பின் பயணக் கையெழுத்து வேண்டும், விசாவும் பல முறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். அந்தக் கையெழுத்து அதிகபட்சம் ஓர் ஆண்டு செல்லும். வந்த மாதமே வாங்கி வைத்துவிடுங்கள்.

ஜெர்மனியில் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் அடக்கம். நமக்கு விடிவதற்குள் எடுத்துவிடுவார்கள், யோசிக்கவே நேரம் இருக்காது. அவளுக்கு யோசிக்க நேரம் இருந்தது, அதுவே வேதனையாகவும் இருந்தது. ஐந்து நாள் போகிறேன், போகவில்லை என்று மாறி மாறிச் சொன்னாள். நான் எதையும் சொல்லவில்லை. கடைசியில் போகவில்லை. அடக்கம் நடந்த அன்று பள்ளிக்கு விடுப்பு எடுத்து, அவர்கள் ஊரில் துக்கக் காபிக்கு வைக்கும் ஸ்ட்ராய்சல் கேக் சுட்டாள். மேலே வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் உதிர்த்துத் தூவுவது. பாட்டியின் படத்தை எங்கே வைக்கட்டும் என்று கேட்டாள். அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். எனக்குத் தெரியாத ஒரு அம்மாள், அவளுக்குத் தெரியாத ஒரு ஐயா, ஜூன் வரை பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

பிள்ளைக்கும் வீட்டுக்கும் ஒத்துவராவிட்டால்?

மாற்றுவார்கள். ஒருங்கிணைப்பாளர் மாதம் ஒரு முறையாவது பிள்ளையிடமும் நம்மிடமும் பேச வேண்டும். பேசவில்லை என்றால் அதைத்தான் முதலில் புகார் செய்ய வேண்டும். எங்களுக்கு ஒரு வருடம் அப்படி நடந்தது, நவம்பரிலேயே அந்தப் பையன் வேறு வீட்டுக்குப் போனான். அங்கே நன்றாக இருந்தான். இதில் அவமானம் ஒன்றும் இல்லை.

நான் சென்னை. என் மகள் பத்தாம் வகுப்பு. இதே போல அமெரிக்கா போக ஆசைப்படுகிறாள். எங்கே கேட்க வேண்டும்?

வயது 15 முதல் 18½ வரை இருக்கலாம். அமெரிக்க வெளியுறவுத் துறை செலவை ஏற்கும் யெஸ் திட்டத்தில் இந்தியாவும் உண்டு, சின்னவள் அதில்தான் வந்தாள். அந்த வருடத்து அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏஎஃப்எஸ் என்ற மாணவர் பரிமாற்ற அமைப்பு இருக்கிறது, உங்கள் பகுதி ரோட்டரி சங்கத்திலும் மாணவர் பரிமாற்றம் பற்றிக் கேட்கலாம். ரோட்டரியில் ஒரே வருடத்தில் இரண்டு மூன்று வீடு மாறுவது வழக்கம், மகளிடம் அதைச் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்தால் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று பள்ளியில் எழுத்தில் வாங்குங்கள். 2025 ஜூன் முதல் ஜே விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே என்ன கிடக்கிறது என்று மகளே முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

விமான நிலையத்தில் அழாமல் அனுப்புவது எப்படி அக்கா?

தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். பெட்டியை மட்டும் முந்தின ராத்திரியே எடை போட்டுவிடுங்கள். 23 கிலோவுக்கு மேல் போனால் கவுன்ட்டர் முன்னால் தரையில் பெட்டியைத் திறந்து, ஒரு வருடத்தை எல்லோர் முன்னாலும் கொட்ட வேண்டிவரும். பெரியவளுக்கு அதுதான் நடந்தது. மாமியார் ஒளித்து வைத்த ஆவக்காய் ஜாடி இரண்டு வெளியே வந்தன. சிரித்துச் சிரித்து, அதிலேயே அழுகையும் வந்துவிட்டது. சின்னவள் ஒரு வாரம் கழித்துப் போனாள். அவளுக்கு நான் ஒழுங்காக எடை போட்டேன். அழுகை என்னவோ அதே அளவுதான்.

இந்த ஆகஸ்டில் யார் வருகிறார்கள்?

பிள்ளைகள் யாரும் இல்லை. அம்மா வருகிறார், ஆறு மாதம் இருப்பார். மகன் அறையைக் கொடுக்கலாமா என்று இந்த முறை அவனிடம் கேட்டேன். பாட்டிக்குத் தாராளமாகக் கொடு, கூடைப்பந்துப் படங்களை மட்டும் திரும்ப ஒட்டிவிடு என்றான். ஒட்டியாகிவிட்டது. பின்னணிச் சோதனை எப்போது என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.