அறிகுறி இல்லையென்றால் வைரஸ் தூங்குகிறதா?

கேள்வி: வெளிநாடு போக மெடிக்கல் எடுத்த இடத்தில் ஹெபடைடிஸ் பி பொசிட்டிவ் என்று ‘அன்ஃபிட்’ போட்டுவிட்டார்கள். வயது 34. செங்கமாரி வந்ததே இல்லை, வயல் வேலையெல்லாம் செய்கிறேன். அண்ணனுக்கும் இதே பிதான், அவருக்குக் குளிசை கொடுக்கிறார்கள். எனக்கோ ‘ஈ’ டெஸ்ட் நெகட்டிவாம், ஆறு மாதத்தில் வரச் சொன்னார்கள். என்னிடம் இருப்பது வீரியம் குறைந்த வைரஸா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள் தம்பி. பி வைரஸின் மரபுச்சரம் மிகச் சின்னது, சுமார் 3,200 எழுத்துகள்தான், ஆனால் அது பெருகும்போது நடுவில் ஒரு ஆர்.என்.ஏ. கட்டம் வருகிறது, அதைப் பார்த்து மறுபடி டி.என்.ஏ. எழுதுகிற நொதிக்குப் பிழை திருத்தும் பழக்கமே கிடையாது. உடம்பில் ஒரு நோவும் தெரியாத வருடங்களிலும் இந்த வேலை நடக்கும். அதனால் நெடுங்காலம் சுமப்பவருக்குள் இருப்பது சிறிது சிறிது வேறுபட்ட வைரஸ்களின் கூட்டம். எதிர்ப்புச் சக்தி அடையாளம் கண்டது குறையும், அதன் கண்ணில் படாதது பெருகும்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். 1896ஆவது எழுத்தில் ஜி இருக்கவேண்டிய இடத்தில் ஏ வந்துவிட்டால் ‘ஈ’ புரதம் பாதியிலேயே நின்றுவிடும். ‘ஈ’ டெஸ்ட் இரத்தத்தில் தேடுவது அந்தப் புரதத்தைத்தான், ஆகவே நெகட்டிவ் என்று வரும், வைரஸோ தாராளமாகப் பெருகலாம். உங்களுக்கு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, அந்த ஒற்றை வரியை நம்பி இருந்துவிட முடியாது என்கிறேன். இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு, ஈரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி. நொதி எவ்வளவு, ஸ்கேனில் ஈரல் எப்படி, எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் டொக்டர் குளிசையைத் தொடங்குவார். அண்ணனுடைய கணக்கு வேறாக இருந்திருக்கும்.

வைரஸின் ஜீன் வகை பார்க்கவென்று தனியார் லாப்புக்குக் காசைக் கொட்டவேண்டாம். இந்த வைரஸுக்குக் கொடுக்கும் டெனோஃபோவிர் குளிசை எல்லா வகைக்கும் வேலை செய்யும், தடுப்பூசியும் அப்படித்தான். அம்மாவையும் சோதியுங்கள் (குற்றம் பிடிக்க அல்ல): பிறப்பில் தொற்றினால் நூற்றுக்கு 90 பேரில் நிலைத்துவிடும், பெரியவர்களானபின் தொற்றினால் 5 பேருக்கும் குறைவு. மனைவி பிள்ளைகளுக்கும் டெஸ்ட், தொற்று இல்லாதவர்களுக்கு ஊசி. இலங்கையில் குழந்தைகளுக்கு இந்த ஊசி 2003இல்தான் வந்தது, உங்கள் வயதுக்காரர் பலர் போட்டிருக்கமாட்டார்கள்.

ஒரே சட்டியில் சாப்பிட்டால் தொற்றாது, சவர பிளேட் மட்டும் தனியாக இருக்கட்டும். கீழ்க்காய்நெல்லி குடித்து வைரஸ் போகாது. சாராயம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அப்புறம், அந்த ஆறு மாதத் திகதி வேளாண்மை வெட்டு நேரத்தில் விழுந்தாலும் கிளினிக்குக்குப் போய்விட்டு வாருங்கள்.