மண்புழு வாங்கி வயலில் விட்டும் புழு இல்லையே, ஏன்?

கேள்வி: மூன்று ஏக்கரில் இரண்டு ஆண்டுகளாக உழவில்லை. வரப்பு உட்பட எங்கும் வைக்கோல் மூடாக்கு. பூச்சிமருந்து அடிப்பதில்லை. மண்புழுவும் நுண்ணுயிர்க் கரைசலும் வாங்கி விட்டேன். ஆனாலும் மண்ணில் புழு இல்லை, பூவில் தேனீ இல்லை. இன்னும் இரண்டு தவணை கரைசல் ஊற்றச் சொல்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஏற்கெனவே வாங்கியதே வீண்.

விலைக்குக் கிடைக்கும் புழு பெரும்பாலும் உரத்தொட்டியில் வளர்க்கும் இனம். சாணமும் மட்கும் குப்பையும்தான் அதற்கு வீடு. வயல் மண்ணைத் துளைத்து ஆழத்துக்கு இறங்கத் தெரியாது. மேல்மண் காய்ந்ததும் செத்துவிடும். இது விற்பவருக்கும் தெரியும். உங்களுக்கு வேண்டிய புழு வரப்போரத்திலும் மரத்தடியிலும் இருக்கும். உழவு நின்று, ஈரமும் தழையும் கிடைத்தால் தானே உள்ளே வரும். ஆனால் ஆண்டுக்குச் சில மீட்டர்தான் நகரும். இரண்டு ஆண்டு போதாது.

கரைசலும் அப்படித்தான். அதில் வேர் உட்பூசணம் (மைக்கோரைசா) இருந்தால், அது உயிருள்ள வேரில் ஒட்டி வாழ்வது. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவே வயலில் பச்சையே இல்லையென்றால் எத்தனை புட்டி ஊற்றினாலும் அதற்குத் தீனி இல்லை. இடைக்காலத்தில் பயறு வகையும் தானிய வகையும் கலந்து விதையுங்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தை அள்ளிப் போடாதீர்கள். அது மிகுந்தால் செடி பூசணத்தை அண்டவிடாது.

மருந்து அடிப்பதில்லை என்கிறீர்கள். விதைப்பையைப் பார்த்தீர்களா? சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசிய விதையென்றால் மருந்து பூசியிருக்கிறது என்று பொருள். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம், குளோதியானிடின் என்று பையில் அச்சிட்டிருந்தால், அது செடிக்குள் ஏறி மகரந்தத்துக்கும் தேனுக்கும் வரும். இந்த மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை போட்டது. மருந்தை விதையோடு புதைத்துவிட்டுத் தேனீயைத் தேடிப் பயனில்லை.

அடுத்தது மூடாக்கு. மண்ணை மூடுவது நல்லதுதான். ஆனால் ஒரு விலக்கு உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. உலகின் தேனீ இனங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் கூட்டமாக அடை கட்டுவதில்லை. மண்ணில் துளை போட்டு முட்டையிடுகின்றன. வைக்கோலை அவை துளைத்து இறங்கா. எனவே வெயில் படும், தண்ணீர் தேங்காத வரப்புச் சரிவில் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடங்கள் நாலைந்தை வெறுமையாக விடுங்கள். அங்கே மூடாக்கு, கொத்து, வண்டித்தடம் எதுவும் கூடாது. பென்சில் பருமனில் ஓட்டையும் சுற்றிலும் பொடிமண்ணும் தெரிந்தால் எறும்புப் புற்று என்று மூடிவிடாதீர்கள். அடுத்த தலைமுறை உள்ளே வளர்கிறது. வெளியே வரப் பல மாதங்கள், சில இனங்களுக்கு ஓராண்டுகூட ஆகும். அதற்குள் ஒருமுறை கொத்தினாலும் போச்சு. தேனீப்பெட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் வருவார். பெட்டித் தேனீ வளர்ப்புப் பிராணி. பூ குறைந்த இடத்தில் காட்டுத் தேனீயின் தீனிக்குப் போட்டியாகத்தான் நிற்கும்.

பூவையும் ஒரே மூலையில் வைக்காதீர்கள். சிறிய தேனீக்கள் சில நூறு மீட்டருக்கு மேல் பறக்கா. ஓரங்களில் மூன்று மீட்டர் அகலப் பட்டைகள் விட்டு, ஒன்று ஓயும்போது இன்னொன்று பூக்கும்படி கலந்து விதையுங்கள். கொத்தமல்லி, சோம்பு போன்ற சிறு பூக்கள் கட்டாயம். பயிரைத் தின்னும் புழுவில் முட்டையிடும் குளவிகளுக்கு வாய் குட்டை, ஆழமான பூவில் தேன் எட்டாது. பட்டையை வெட்டும்போது பாதியை விட்டு வெட்டுங்கள்.

பலன் தெரிய மண் ஈரமாக இருக்கும்போது 20 செ.மீ. நீளம், அகலம், ஆழத்தில் ஐந்து இடங்களில் மண்ணை வெட்டி, சாக்கில் கொட்டிப் புழுவை எண்ணுங்கள். ஆண்டுதோறும் அதே மாதம். இந்தக் கணக்கை எந்த அதிகாரியும் கேட்கமாட்டார்.

அடுத்த பருவத்துக்கு மருந்து பூசாத விதை வேண்டுமென்று இப்போதே சொல்லிவையுங்கள். விதைக்கும் வாரத்தில் கேட்டால் கையிருப்பு இல்லை என்றுதான் பதில் வரும்.