7 ஐயர்ன் 22 யார்டு கூடுதலாகப் போகிறதா? லாஃப்ட் எவ்வளவு என்று கேளுங்கள்

கேள்வி: வயது 54, ஹேண்டிகேப் (ஆட்டத் திறனின் அளவு; குறையக் குறைய நல்ல ஆட்டம்) 20. கோவையில் வாரம் இரண்டு நாள் கோல்ஃப் ஆடுகிறேன். 14 வருடமாக ஒரே ஐயர்ன் (உலோகத் தலையுள்ள கோல்ஃப் கிளப், அதாவது மட்டை) செட். கடை சிமுலேட்டரில் புது மாடல் 7 ஐயர்னை அடித்துப் பார்த்ததில், என் பழைய 7 ஐயர்னைவிட 22 யார்டு கூடுதலாகப் போனது. செட் விலை ஒன்றேகால் லட்சம். பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். பந்து விதி மாறப்போகிறது, இப்போது வாங்கினால் வீண் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். எழுந்திருக்கும்போது வலது முழங்கையில் லேசான வலியும் உண்டு. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அந்த 22 யார்டில் பெரும்பங்கு கிளப்பின் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணால் வந்தது.

கிளப்பின் முகம் எவ்வளவு மல்லாந்திருக்கிறதோ அதுதான் லாஃப்ட். அது குறையக் குறையப் பந்து வேகமாகப் போகும், சுழற்சி குறையும், தூரம் கூடும். 1980-களில் 7 ஐயர்ன் 35, 36 டிகிரி இருந்தது. உங்களிடம் இருப்பது 32 முதல் 34-க்குள் இருக்கும். உங்கள் ஹேண்டிகேப்காரர்களுக்கென்று இன்று விற்கும் செட்களில் 7 ஐயர்ன் 28 முதல் 30; சில மாடல்களில் அதற்கும் கீழே. ஷாஃப்ட்டும் (கிளப்பின் தண்டு) கால் அங்குலம், அரை அங்குலம் நீளம். ஆக, பழைய கணக்கில் 6 ஐயர்னையோ 5 ஐயர்னையோதான் 7 என்று பொறித்து உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, விட்டம் 42.67 மி.மீ.க்குக் குறையக் கூடாது, நீண்ட தூர அடிக்கான டிரைவர் கிளப்பின் தலை 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான ஆர் அண்ட் ஏ-வும் யுஎஸ்ஜிஏ-வும் பார்த்துப் பார்த்து விதி எழுதுகின்றன. ஆனால் 7 என்று பொறித்தால் இத்தனை டிகிரி என்று ஒரு வரி கிடையாது. லாஃப்ட்டை ஐயர்னின் மேல் பொறிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குறுந்தூர அடிக்கான வெட்ஜ் கிளப்பில் 56 டிகிரி என்று பொறிக்க முடிகிறவர்களுக்கு ஐயர்னில் பொறிப்பது ஒரு வேலையா? வாங்குகிறவர் ஏமாறுவதற்கென்றே திறந்து வைத்த வாசல் இது. வருடக்கணக்கில் எவரும் அதை மூடவில்லை.

மறுபடி கடைக்குப் போய், உங்கள் பழைய 7 ஐயர்னோடு புது செட்டின் 8 ஐயர்னை ஒப்பிடுங்கள். இரண்டின் லாஃப்ட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அடிப்பதற்கு முன் சிமுலேட்டர் அமைப்பில் இரண்டு விஷயம் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து உயரம் கோவைக்கு ஏற்றபடி இருக்கட்டும். ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் 1 சதவீதம் தூரம் கூடும்; ஊட்டியில் பந்து பறப்பது இதனால்தான். கடையில் யாரோ மாற்றிவைத்த உயரம் அப்படியே கிடந்தால் யார்டுகள் சும்மா ஏறும். அடுத்து, திரையில் பெரிதாகத் தெரியும் மொத்தத் தூரத்தை விட்டுவிட்டு, பந்து தரையைத் தொடும்வரையான ‘கேரி’யை மட்டும் குறியுங்கள். ஒரே பந்தை ஒவ்வொரு கிளப்பாலும் பத்துத் தடவை அடியுங்கள். மிக நீண்ட ஒன்றைப் பார்த்து மயங்காமல், பத்தும் எத்தனை யார்டுக்குள் அடங்குகின்றன என்று பாருங்கள். முகம் மெல்லிய ஐயர்ன்களில் திடீரென ஒரு பந்து பத்துப் பன்னிரண்டு யார்டு அதிகம் ஓடிவிடும். கிரீனுக்குப் (குழி இருக்கும் புல்தரை) பின்னால் பங்கர் (மணல் பள்ளம்) இருந்தால் அது லாபமல்ல. பந்து இறங்கும் கோணமும் திரையில் வரும். 45 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. 40-க்கும் கீழே என்றால் கிரீனில் விழுந்து உருண்டு வெளியே போகும்.

புது ஐயர்ன்களில் உண்மையான முன்னேற்றம் இல்லையா? உண்டு. தலையை உள்ளீடற்றதாக்கி, அடியில் டங்ஸ்டன் வைத்து, எடையைத் தாழ்த்தியிருக்கிறார்கள். அதனால்தான் 28 டிகிரியிலும் பந்து எழும்புகிறது. நடுவில் படாத அடியிலும் தூரம் அதிகம் குறையாது. ஹேண்டிகேப் 20-க்கு இதுதான் காசு கொடுத்து வாங்கத் தக்கது. பழைய 7, புது 8 ஒப்பீட்டில் பத்து அடியும் நெருங்கி விழுந்தால் செட் நல்ல செட்.

வாங்கினால் செலவு ஒன்றேகால் லட்சத்தோடு நிற்காது. புது செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி, உங்கள் பையில் இருக்கும் சாண்ட் வெட்ஜ் 56 என்றால் நடுவில் 13 டிகிரி பள்ளம். 70 யார்டுக்கும் 105 யார்டுக்கும் இடையே முழு வீச்சில் அடிக்க உங்களிடம் கிளப்பே இருக்காது. 48-50 டிகிரியில் ஒரு வெட்ஜ் கட்டாயம் தேவை. அதற்கு ஈடாக 4 ஐயர்னை, முடிந்தால் 5 ஐயர்னையும், வேண்டாம் என்று சொல்லுங்கள். 20 டிகிரி ஐயர்னைக் காற்றில் நிறுத்தும் வீச்சு வேகம் வார இறுதி ஆட்டக்காரர்களில் மிகச் சிலருக்கே உண்டு. அந்த இடத்துக்கு ஹைபிரிட் (பந்தை எளிதாக எழுப்பும் கலப்பு வகைக் கிளப்) போதும். பையில் 14 கிளப்தான் இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

முழங்கை வலி என்று எழுதியிருக்கிறீர்கள். அது இருந்தால் மேலே சொன்ன கணக்கு மாறும். பழைய ஸ்டீல் ஷாஃப்ட் 120 கிராம் வரை இருக்கும். கிராஃபைட் 65, 70 கிராமில் கிடைக்கிறது. அதிர்வும் கைக்குக் குறைவாகவே ஏறும். தூரம் ஒரு யார்டுகூட ஏறாவிட்டாலும் இந்த ஒரு காரணத்துக்காக மாறலாம். ஆனால் புது செட்தான் வேண்டும் என்றில்லை; பழைய தலைகளிலேயே கிராஃபைட் போடலாம். அதில் மூன்று இடத்தில் பிசகும். ஹோசல் (தலையில் ஷாஃப்ட் செருகும் இடம்) துளை 0.355 அங்குலமா, 0.370 அங்குலமா என்று அளக்காமல் ஷாஃப்ட் வரவழைத்தால் பொருந்தாது. ஷாஃப்ட் எடை குறையும்போது தலை லேசாகத் தோன்றும்: 9 கிராம் குறைந்தால் ஸ்விங் வெயிட் (வீசும்போது தலை கனமாக உணரப்படும் அளவு) ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும், அதைத் தலையில் 2 கிராம் சேர்த்து ஈடுகட்ட வேண்டும். 50 கிராம் குறைந்தால் முழுதும் ஈடுகட்ட முடியாது. 80, 90 கிராம் கிராஃபைட்டே நடுவழி. கடைசியாக, எபாக்சி ஒட்டி 24 மணி நேரமாவது அடிக்கக் கூடாது. மாலையே ஆடலாம் என்று தருகிறவரிடம் வாங்கினால் தலை பந்தோடு சேர்ந்து பறக்கும்.

பந்து விதியை நினைத்துப் பயப்பட ஒன்றுமில்லை. ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ-வின் 2023 டிசம்பர் அறிவிப்பு, பந்து தூர வரம்பைத் தாண்டுகிறதா என்று சோதிக்கும் வீச்சு வேகத்தை மணிக்கு 120 மைலிலிருந்து 125 ஆக்குகிறது. தொழில்முறை ஆட்டத்துக்கு 2028, நம்மைப் போன்றவர்களுக்கு 2030 என்பது அந்த அறிவிப்பு. உங்கள் வீச்சுக்கு டிரைவரிலேயே 5 யார்டுக்குள்தான் குறையும். ஐயர்ன் செட்டை அது தொடவே தொடாது.

இடைத்தரகர்கள் விஷயத்தில்தான் விழிப்பு வேண்டும். துபாய், பாங்காக்கிலிருந்து பெட்டியில் வந்தது, வரி இல்லை, பாதி விலை என்று வாட்ஸ்அப்பில் வரும் செட்டைத் தொடாதீர்கள். இங்கே வாரண்டி கிடைக்காது, போலியாகவும் இருக்கலாம். சமையலறைத் தராசில் ஒவ்வொரு கிளப்பாக வையுங்கள்: 5-லிருந்து வெட்ஜ் வரை எடை சீராக ஏற வேண்டும். ஏறி இறங்கி ஏறினால் போலி என்றே கொள்ளலாம். பரிந்துரைக்கும் கோச்சுக்குக் கடையில் கமிஷன் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. எக்ஸ்சேஞ்ச் விலையைப் புது செட்டின் தள்ளுபடியோடு குழப்பிச் சொல்வார்கள். பழையதைக் கொடுக்காமல் வாங்கினால் எவ்வளவு என்று தனியாக எழுதி வாங்குங்கள். இதற்கெல்லாம் முன்னால், பழைய செட்டின் லாஃப்ட்டை அளக்கச் சொல்லுங்கள். ஃபோர்ஜ்டு (அடித்து வார்த்த மென்மையான உலோக) ஐயர்ன் என்றால் பயிற்சிப் பாயில் அடித்து அடித்து ஓரிரு டிகிரி நகர்ந்திருக்கும், வளைத்துச் சரிசெய்யலாம். கிரிப்பும் 14 வருடத்தது என்றால் அதை இந்த மாதமே மாற்றிவிடுங்கள். வழுக்கும் கிரிப்பை இறுக்கிப் பிடிப்பதாலேயே முழங்கை வலிக்கலாம்.