ஷெட்டுக்குப் பணம் இருக்கிறது, தரைக்கும் வயரிங்குக்கும் இல்லை: லோன் வாங்கலாமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 20-க்கு 30 அடியில் ஸ்டீல் ஷெட் போட்டு, மரவேலைக்கும் சின்னச் சின்ன வெல்டிங்குக்கும் பட்டறை ஆக்க நினைக்கிறேன். சேமிப்பு என் 12 மாதச் சம்பளம் அளவுக்கு இருக்கிறது. ஷெட்டுக்கு மட்டும் 6 மாதச் சம்பளம் விலை சொல்லியிருக்கிறார்கள். தரையும் வயரிங்கும் அதில் சேராது. வீட்டு மெயின் பெட்டியிலிருந்து ஷெட் 30 மீட்டர் தள்ளி வருகிறது. இப்போதைக்கு 2.5 சதுர மி.மீ. வயரை இழுத்து ஓட்டிக்கொண்டு, நல்ல வயரிங்கை இரண்டு வருடம் கழித்துச் செய்யலாம் என்கிறார் தம்பி. லோன் எடுக்கலாமா, சேமிப்பு முழுவதையும் போட்டுவிடலாமா?

பதில்: முழுவதையும் போடாதீர்கள். 6 மாதச் சம்பளம் அவசரத்துக்கென்று தொடாமல் இருக்கட்டும். ரம்பமும் வெல்டிங்கும் கையாளப் போகிறவர் நீங்கள். கையில் அடிபட்டு இரண்டு மாதம் உட்கார நேர்ந்தாலும் வீடு ஓட வேண்டும். ஆக, செலவழிக்கக் கையில் இருப்பது 6. ஷெட் விலையும் அதே 6. இப்படியே ஆர்டர் கொடுத்தால் கூரை நிற்கும், கீழே மண் தரை இருக்கும்.

செலவை இரண்டாகப் பிரியுங்கள். பிறகு செய்வதென்றால் உடைத்துத்தான் செய்ய முடியும் என்பதெல்லாம் இப்போதே, ரொக்கத்தில். பிறகு கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் காத்திருக்கட்டும். தரை, ஷெட்டைத் தரையோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட், தரைக்கடியில் போகும் குழாய், மெயினிலிருந்து வரும் கேபிள், கூரைத் தகட்டுக்கு அடியில் வெப்பத்தடுப்பு விரிப்பு, இவை முதல் வகை. மிஷின்கள், ரேக், பெயின்ட் எல்லாம் இரண்டாவது. உங்கள் தம்பி சொல்லும் யோசனை இதைத் தலைகீழாக்குகிறது.

பற்றாக்குறைக்கு முதல் மருந்து லோன் அல்ல, அளவு. 20-க்கு 20 அடிக்கு விலை கேளுங்கள். ஷெட்டைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் 10 அடிக்கு ஒன்றாக வந்தால், சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு கட்டம். கேட்கும்போதே, ஒரு முனைச் சட்டத்தைப் பிற்பாடு நீட்டுவதற்கு ஏற்ற முழுச் சட்டமாகத் தரச் சொல்லுங்கள். சாதாரண முனைச் சட்டம் பாதிக் கூரையின் பாரத்துக்கு மட்டுமே போட்டிருக்கும். அதன்மேல் இன்னொரு கட்டத்தை ஒட்ட முடியாது. பரப்பு மூன்றில் ஒன்று குறைந்தாலும் விலை அந்த அளவு இறங்காது, ஏனென்றால் இரண்டு முனைச் சுவரும் ஷட்டரும் அப்படியே இருக்கும். நாலரை மாதச் சம்பளத்துக்குள் வந்தால் சரி.

தரைக்கு வருவோம். 20-க்கு 20 அடிக்கு 4 அங்குலக் கனம் என்றால் 133 கன அடி கான்கிரீட், 6 அங்குலம் என்றால் 200. மரவேலை மிஷின்களுக்கு 4 போதும். வண்டி ஏற்றுவதாக இருந்தால் 6. சுற்று ஓரம் மட்டும் ஒரு அடி ஆழத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். காற்று வலுவான இடமென்றால் ஷெட்காரரின் வரைபடம் சொல்கிற ஆழம்தான் கணக்கு. ஸ்டீல் ஷெட் கனமில்லாதது. அஸ்திவாரத்தின் முக்கிய வேலை அதைத் தாங்குவதைவிட, புயல் காற்று தூக்காமல் பிடித்துக்கொள்வது. ஓரத்துக்கும் விரயத்துக்கும் சேர்த்து ஆர்டர் போடுங்கள், அரை வண்டி குறைந்து நடுவில் நின்றால் அந்த இணைப்பில்தான் விரிசல் விடும். கம்பி வலையைக் கவர் பிளாக் (மண்ணிலிருந்து தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) மேல் நிறுத்த வேண்டும். மண்ணோடு படுத்துக் கிடக்கும் வலைக்குக் கொடுத்த காசு வீண்.

போல்ட் நடுவதற்கு முன் இரு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். 20-க்கு 20 என்றால் 28 அடி 3 அங்குலத்துக்கும் மூன்றரை அங்குலத்துக்கும் இடையில் வரும். இதில் தப்பினால் சட்டத்தின் ஓட்டையும் போல்ட்டும் சேராது. தளத்தில் ஓட்டையைக் கேஸ் கட்டரால் பெரிதாக்குவார்கள், அதோடு உத்தரவாதமும் போய்விடும்.

கான்கிரீட் கொட்டுவதற்கு முன் 2 அங்குல பிவிசி குழாய் இரண்டு, உள்ளே இழுகயிற்றோடு, சுவரோரம் எழும்பி நிற்க வேண்டும். ஒன்று மின்சாரத்துக்கு, ஒன்று காலியாக. இந்தக் காலிக் குழாய்க்கு ஆகும் செலவு அற்பம். பிறகு கேமரா கேபிளுக்காகத் தரையை வெட்டும் செலவு அப்படியல்ல.

இப்போது அந்த 2.5 வயர். 30 மீட்டர் போக, 30 மீட்டர் வர, 60 மீட்டர் தாமிரம். தடை சுமார் 0.42 ஓம். 2 எச்பி கம்ப்ரஸர் ஓடும்போது 10 ஆம்பியர்தான் எடுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் ஆறு மடங்கு வரை இழுக்கும். 60 ஆம்பியரில் 25 வோல்ட் வழியிலேயே தொலையும். 230 போய் 205 ஆனால் மோட்டாரின் கிளப்பும் விசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்கெனவே டாங்கில் காற்று இருந்தால் முனகிக்கொண்டே நின்று காயில் கருகும். வெல்டிங் மிஷின் 30 ஆம்பியர் எடுத்தால், ஏறக்குறைய 380 வாட் வெப்பம் அந்த வயருக்குள்ளேயே உருவாகும். அந்த வயர் குழாய்க்குள் அவ்வளவு ஆம்பியரைத் தாங்கவே தாங்காது. 10 சதுர மி.மீ. கேபிளில் தடை 0.1 ஓம் அளவுதான். அதே கம்ப்ரஸர் கிளம்ப 6 வோல்ட் சொச்சம் குறையும், அவ்வளவே. பள்ளம் தோண்டும் கூலி இரண்டுக்கும் ஒன்று. இரண்டு வருடம் கழித்து மாற்றினால் வயர் விலையை இரண்டு முறை கொடுப்பீர்கள், போனஸாக ஒரு மோட்டார்.

எவ்வளவு சுமை என்று மிஷின்களை எல்லாம் கூட்டிப் பார்த்து மிரள வேண்டாம். ஒரே ஆள் வேலை செய்யும் பட்டறை. டேபிள் சா (மேசை ரம்பம்) 10, தூசி உறிஞ்சி 7, தானாகக் கிளம்பும் கம்ப்ரஸர் 10, விளக்குகள் 2 என்றால் 29 ஆம்பியர். வெல்டிங் நேரத்தில் ரம்பமும் உறிஞ்சியும் ஓடாது. வெல்டிங் 30-ம் கம்ப்ரஸர் 10-ம் விளக்கு 2-ம் சேர்ந்து 42. ஷெட்டில் வைக்கும் துணைப் பெட்டிக்கு 40 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) போட்டால் போதும், வெல்டிங் மிஷின் தொடர்ந்து முழுச் சுமையில் ஓடாது. ஆனால் வீட்டு இணைப்புக்கு அனுமதித்த சுமை இதற்கு இடம் கொடுக்கிறதா என்பதை ஷெட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் மின்வாரியத்தில் கேளுங்கள். சுமையை உயர்த்தக் கட்டணமும் உண்டு, காத்திருப்பும் உண்டு. பட்டறையில் சம்பாதிக்கப் போகிறீர்கள் என்றால் மின்கட்டணப் பிரிவு மாறுமா, வீட்டுக் காப்பீடு வெல்டிங்கை ஏற்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பள்ளம் தோண்டுவது, குழாய் புதைப்பது, சுவரில் கான்டுயிட் பொருத்துவது போன்றவற்றை நீங்களே செய்து கூலியை மிச்சப்படுத்தலாம். இணைப்பு கொடுப்பது உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் வேலை. அவரிடம் கேட்க வேண்டியவை: துணைப் பெட்டியில் நியூட்ரலும் எர்த்தும் தனித்தனிப் பட்டையில் இருக்க வேண்டும், ஷெட்டின் இரும்புச் சட்டம் எர்த்தோடு இணைய வேண்டும், பிளக்குகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும், விளக்குகள் அந்த ஆர்சிசிபியில் சேரக் கூடாது. பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும்போது இருட்டாவதை விட மோசமான ஒன்று பட்டறையில் இல்லை. எம்சிபியின் வகை, கிளம்பும் நொடியின் இழுப்பை எவ்வளவு பொறுக்கும் என்பதைச் சொல்கிறது: மோட்டாருக்கு சி வகை எம்சிபி, டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் மிஷினுக்கு டி வகை. பி வகை போட்டால் சுவிட்சைத் தட்டியதுமே விழும், பிறகு யாராவது அதைப் பெரிய ஆம்பியருக்கு மாற்றி வயரை எரிப்பார்கள். பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்கு இரும்பு) ஓட்டை வழியே வயர் போனால் ரப்பர் வளையம் கட்டாயம்.

கடன் விஷயம். ஷெட்டுக்கு நாலரை, தரைக்கு ஒன்றரை மாதச் சம்பளம் போனால் கையிலிருந்த 6-ம் தீர்ந்துவிடும், கேபிளுக்கும் பெட்டிக்கும் முதல் மிஷினுக்கும் லோன் தேவைப்படலாம். 3 மாதச் சம்பளத்துக்கு மேல் வேண்டாம். ஆண்டு வட்டி 12% என்று வைத்தால், 24 மாதத்தில் அடைக்க மாதத் தவணை சம்பளத்தில் 14%. மொத்த வட்டி ஏறக்குறைய 12 நாள் சம்பளம். அதையே 60 மாதமாக நீட்டினால் தவணை 7%-க்குக் கீழே வந்து இனிக்கும், வட்டி ஒரு முழு மாதச் சம்பளம் ஆகிவிடும். 14% கட்ட முடியவில்லை என்றால் மிஷினைத் தள்ளிப்போடுங்கள், கேபிளை அல்ல. வெப்பத்தடுப்பு விரிப்பையும் வெட்டாதீர்கள். அது தகடு மாட்டும்போதே பர்லின் மேல் போக வேண்டியது. இல்லாவிட்டால் குளிர்ந்த இரவில் தகட்டின் உள்பக்கம் வியர்த்து, வார்ப்பிரும்பு மேசை மேல் சொட்டும்.

ஷெட்காரருக்கு மொத்தத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். வரைபடத்துக்கு ஒரு பங்கு, பொருள் வந்து எண்ணிப் பார்த்த பிறகு ஒன்று, சட்டம் நின்ற பிறகு ஒன்று. கடைசி 10% உங்களிடமே இருக்கட்டும். கூரை முடிந்ததும் முகட்டிலும் ஸ்க்ரூ வரிசையிலும் கால் மணி நேரம் ஹோஸ் பிடித்துப் பாருங்கள். அதிகம் முறுக்கிய ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் பிதுங்கி அங்கேதான் ஒழுகும். துளைபோட்ட இரும்புத் தூள் கூரையில் கிடந்தால் துருவேறிப் பூச்சைத் தின்னும், அன்றைக்கே கூட்டச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியனிடமும் அப்படியே, மெக்கர் சோதனை (வயரின் காப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது) அளவும் எர்த் அளவும் தாளில் வந்த பிறகு பாக்கி.