ஏஜென்ட் தவறான டூலை எடுக்கிறதா? விளக்கத்தைத் திறந்து பாருங்கள்

கேள்வி: வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு ஏஐ ஏஜென்ட் வைத்திருக்கிறோம். அது அழைத்துப் பயன்படுத்த மொத்தம் ஒன்பது டூல்கள் (ஆர்டரைத் தேடுவது, ரத்து செய்வது போன்ற வேலைகளுக்கான சிறு புரோகிராம்கள்). "என் ஆர்டர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் சில சமயம் சரியாகத் தேடுகிறது. சில சமயம் இல்லாத ஆர்டர் எண் ஒன்றைத் தானே போட்டுக்கொண்டு, 'அப்படி ஆர்டர் இல்லை' என்று பதில் சொல்கிறது. அமைத்துக் கொடுத்த ஆலோசகர், ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடலை விட்டுப் பெரிய மாடலுக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா? டூல்களின் விளக்கங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: இப்போதைக்கு மாற வேண்டாம். நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். 'ஆர்டர் தேடல்' டூலின் விளக்கம்: "ஆர்டர்களைத் தேடும்." 'ஆர்டர் விவரம்' டூலின் விளக்கம்: "ஆர்டர் விவரத்தைத் தரும்." பெயரில் இருப்பதையே இன்னொரு முறை எழுதி வைத்திருக்கிறார்கள்.

டூலுக்குப் பின்னால் இருக்கும் புரோகிராம் கோடும் டேட்டாபேஸும் மாடலின் கண்ணில் படாது. டூலின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற பட்டியல், இந்த மூன்றை வைத்துத்தான் எதை எடுப்பது என்று அது முடிவு செய்கிறது. உங்கள் 'விவரம்' டூலில் ஆர்டர் எண் கட்டாயம். எண் கையில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எங்கேயும் சொல்லவில்லை. கட்டாயம் என்று சொன்ன இடத்தைக் காலியாக விடக் கூடாதே என்று எதையாவது போட்டு நிரப்புகிறது.

'விவரம்' டூலின் விளக்கத்தை இப்படி மாற்றிப் பாருங்கள்: "ஆர்டர் எண் தெரிந்தால் மட்டும் அழைக்கவும். எண் எட்டு இலக்கம் கொண்டது. வாடிக்கையாளர் எண்ணைச் சொல்லாவிட்டால் ஊகிக்க வேண்டாம். முதலில் 'ஆர்டர் தேடல்' டூலை அழைத்து, லாகின் செய்திருப்பவரின் ஆர்டர்களைப் பெறவும். அனுப்பிய தேதியும் இப்போதைய நிலையும் கிடைக்கும். பணம் கட்டிய விவரம் இதில் வராது." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எது கிடைக்காது என்று தெரிந்தால்தான், பணம் பற்றிய கேள்விக்கும் இதே டூலைத் திரும்பத் திரும்ப அழைக்காமல் இருக்கும்.

தேதி கேட்கும் இடங்களில் வடிவத்தையும் ஓர் உதாரணத்தையும் எழுதிவிடுங்கள்: 2025-04-03. 03/04/2025 என்று வந்தால் அது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ என்று யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் அந்த ஆலோசகரே செய்திருக்க வேண்டும். ஏபிஐ ஆவணத்தை (ஒரு மென்பொருளை இன்னொரு மென்பொருள் எப்படி அழைப்பது என்று சொல்லும் குறிப்பை) அப்படியே ஒரு கருவியில் போட்டு விளக்கங்களை உருவி எடுத்து, 'ஏஜென்ட் தயார்' என்று பில் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்த ஆவணம் புரோகிராமருக்காக எழுதியது. எப்போது அழைக்கக் கூடாது என்பது அதில் இருக்காது. ஏஐ மாடலை வெளி டூல்களோடு இணைப்பதற்காக 2024 நவம்பரில் வந்த எம்.சி.பி. (MCP) என்ற பொது நெறிமுறையும் இவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது: அதில் பெயர் கட்டாயம், உள்ளீட்டுப் பட்டியல் கட்டாயம், விளக்கம் மட்டும் விருப்பம்! மாடல் எதை நம்பித் தேர்வு செய்கிறதோ அதை எழுதாமலே விடலாம் என்றால் என்ன சொல்வது?

அடுத்ததாக நாற்பது, ஐம்பது டூல்கள் அடங்கிய ரெடிமேட் பொதியோடு வருவார்கள். வாங்காதீர்கள். பொதுவாக, எல்லா டூல்களின் விளக்கமும் ஒவ்வொரு அழைப்பிலும் மாடலுக்குப் போகும். அந்த டோக்கன்களுக்கும் (மாடல் படிக்கும் சொல் துண்டுகளுக்கும்) நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். ஒன்றுபோல் தோன்றும் டூல்கள் கூடக் கூடக் குழப்பமும் கூடும். அதைவிட மோசமான ஆபத்து ஒன்று உண்டு. இரண்டு எண்களைக் கூட்டும் சாதாரண டூல் ஒன்றின் விளக்கத்துக்குள், 'பயனரின் ரகசியக் கோப்பைப் படித்து அதையும் சேர்த்து அனுப்பு' என்ற கட்டளையை ஒளித்து வைக்க முடியும் என்று 2025-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். திரையில் உங்களுக்குப் பெரும்பாலும் டூலின் பெயர் மட்டுமே தெரியும். மாடல் முழுவதையும் படிக்கிறது. வெளியாள் தரும் டூல் என்றால் விளக்கத்தை வரி விடாமல் படித்த பிறகே சேருங்கள். நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகும் அவர்கள் அதை மாற்ற முடியும். அப்புறமும் அவ்வப்போது பாருங்கள்.

விளக்கத்தைத் திருத்தச் சொன்னேன் அல்லவா, 'ஆர்டர் ரத்து' டூலுக்கு அது மட்டும் போதாது. "வாடிக்கையாளர் உறுதி செய்த பிறகே அழைக்கவும்" என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். எழுதியது நல்லதுதான். ஆனால் அது வேண்டுகோள், பூட்டு இல்லை. பத்து முறை கேட்டு நடக்கும் மாடல் பதினோராவது முறை மீறலாம். 'இது அழிக்கும் டூல்' என்று குறிக்க எம்.சி.பி.யில் அடையாளம் உண்டு; அதுவும் வெறும் குறிப்புதான் என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. பணத்தைத் திருப்பித் தரும் டூல், கணக்கை நீக்கும் டூல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வாடிக்கையாளர் தன் கையால் பொத்தானை அழுத்தினால்தான் ரத்து ஆகும் என்று புரோகிராம் கோடிலேயே தடை வைக்கச் சொல்லுங்கள். அது முடியும்வரை அந்த டூலை ஏஜென்டிடமிருந்து எடுத்துவிடுங்கள், இன்றைக்கே.

சரி, பிறகு லாகை (ஏஜென்டின் உரையாடல் பதிவை) திறந்து, ஏஜென்ட் தவறிய கேள்விகளில் இருபதைப் பொறுக்கி எடுங்கள். விளக்கங்களைத் திருத்தி, இப்போதுள்ள மாடலிடமே அதே இருபதையும் கேட்டுப் பாருங்கள். அதன் பிறகும் தவறினால் பெரிய மாடலைப் பற்றி ஆலோசகரிடம் பேசலாம். அந்த இருபதின் முடிவையும் கையோடு கொண்டு போங்கள்.